அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய க்ளூ கன்

அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு அறுபத்தொன்று. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. என் அப்பா இறந்தபோது நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன். இப்போது எனக்கு இருபத்தெட்டு. எனக்கு வரன் சொல்ல வந்திருந்த சொந்தக்காரர்கள் அம்மாவின் செய்தியைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

"சர்ச்ல எழுதிட்டு, நாப்பது பேருக்குச் சாப்பாடு போட்டா போதும். அலங்காரம் கிலங்காரம்னு ஒன்னும் ஆரம்பிக்காத" என்றார் அம்மா. நான் ஆரம்பித்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் கட்டும் துணியில் ஒட்டக் காகிதப் பூக்கள், வருகிறவர்களுக்குக் கொடுக்கத் துணிப்பை. எல்லாம் நானே செய்வதாக முடிவு. செல்போன் வீடியோவில் பார்த்த பெண் அதை இருபது நிமிடத்தில் செய்திருந்தாள். அவளிடம் சாமான்கள் இருந்தன. என்னிடம் ஒரு கத்தரிக்கோல் இருந்தது, அதுவும் வெங்காயத்தாள் வெட்டுவது.

"தனியா போகாத, அவரைக் கூட்டிட்டுப் போ. பேரம் பேசுறதுல ஆளு கெட்டி" என்றார் அம்மா.

ஒரு சனிக்கிழமை காலை விளாங்குடியில் பஸ் ஏறினோம். அவர் இஸ்திரி போட்ட சட்டையும் மஞ்சள் பையுமாக வந்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாததால் 'சார்' என்றேன். அவர் என்னை 'ஏம்மா' என்றார். பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரை இதற்கு மேல் பேச்சு இல்லை.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஃபேன்சி சாமான் கடையில் க்ளூ கன் இருந்தது. பசைக்குச்சியை உருக்கி ஒட்டுகிற, துப்பாக்கி மாதிரியான சாமான். கடைக்காரர் முந்நூற்று ஐம்பது சொன்னார். இவர் நூற்றைம்பது என்றார்.

"அண்ணே, அந்த ரேட்டுக்கு அட்டைப்பெட்டி மட்டும் தரட்டுமா?"

இவர் அசரவில்லை. குரலைத் தாழ்த்தி, "பாத்துச் சொல்லுப்பா. எம் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? மாப்ள என்ன பண்றாரு தங்கச்சி?"

"கவர்மென்ட் வேலை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரிட்டயர் ஆயிட்டாரு."

கடைக்காரர் கையிலிருந்த பெட்டி அப்படியே நின்றது. "மாப்ளயா?"

"ஆமாண்ணே. அறுபத்தொன்னு."

இவர் இருமினார். இருமல் நீண்டுகொண்டே போனது. கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார், ஒரு தகப்பன் எப்படி இதற்குச் சம்மதிப்பான் என்பது போல. பிறகு என்னிடம், "நூத்தி எண்பது குடும்மா" என்றார். பசைக்குச்சி ஒரு கட்டு சும்மா வைத்தார். நாங்கள் கிளம்பும்போது, "எதுக்கும் நல்லா யோசிச்சுக்க" என்றும் சொன்னார்.

தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றார்.

"நீங்க மட்டும் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

டீயை ஊதினார். "எனக்குத்தான் கல்யாணம்னு சொன்னா சிரிப்பாங்கம்மா. எங்க அண்ணனே சிரிச்சாரு. பத்திரிகை குடுக்கப் போனேன், கையில வாங்காம சிரிச்சாரு."

வடை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

அடுத்து, பையின் வாயில் கயிறு கோக்கிற ஓட்டைக்குப் பித்தளை வளையம் அடிக்கிற கைமிஷின் வேண்டும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று அலைந்து, கடைசியில் பழைய தையல் மிஷின் விற்கிற ஒரு சந்துக்கடையைப் பிடித்தோம். கடையில் ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த ஒரு கைமிஷினை எடுத்து வைத்தார். இவர் விலை கேட்டார், பாதியாகக் குறைத்தார்.

"அம்புட்டுக் கொறைக்க முடியாதுண்ணே. எதுக்கு வாங்குறீக?"

"கல்யாணத்துக்கு."

"யாருக்கு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எனக்குத்தான்" என்றார்.

"பொண்ணு?"

"எங்கம்மா" என்றேன்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தார். சிரிக்கவில்லை. மிஷினைத் திரும்ப வாங்கி, எண்ணெய் விட்டு, பழைய துணியில் பத்து வளையம் அடித்துக் காட்டினார். இவரையும் அடிக்க வைத்தார். "மெதுவா அமுத்துங்கண்ணே, ஒரே அமுக்கு" என்றார். விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. இவர் மறுபடி கேட்கவுமில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், "நல்ல மிஷின்" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் தினமும் சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து வளையம் அடித்தார். அவருக்கு அது நன்றாக வந்தது. அம்மா முதல் மூன்று நாள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. நாலாம் நாள் ஒரு பையை எடுத்துப் பார்த்து, "ரெண்டு ஓட்டையும் ஒரே மட்டத்துல இல்ல" என்றார். ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வந்து உட்கார்ந்து, எல்லாப் பையிலும் புள்ளி வைத்தார். அதன் மேல் அவர் அடித்தார். அந்த அறையில் எனக்கு வேலை இல்லை என்று தோன்றியதால் அடுப்படிக்குப் போய்ப் பூ ஒட்டினேன். விரலில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன்.

கல்யாணம் மே மாதம். சாப்பாடு நடந்த ஹாலுக்குத் தகரக் கூரை. பசை சூட்டில் உருகும் என்பது எனக்குத் தெரியும்; மதுரை வெயிலும் சூடுதான் என்பதை யோசிக்கவில்லை. போதகர் ஜெபத்தை ஆரம்பித்ததும் முதல் பூ விழுந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட ஜெபம். ஆமென் சொல்லும்போது பாதிச் சுவர் வெறும் துணியாக நின்றது. ஒரு ரோஸ் நிறப் பூ அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. அம்மா அதை எடுத்து, பசை நூலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய அண்ணன் வரவில்லை. அண்ணி மட்டும் வந்து, சாப்பிட்டு, துணிப்பை இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

சாயந்திரம் அம்மா அவர் வீட்டுக்குப் போனார். நாலு தெரு தள்ளித்தான். வாசலில் நின்று, "ராத்திரிக்குச் சாம்பார் இருக்கு, சுட வச்சுக்க. காலையில வாரேன்" என்றார். சரி என்றேன். வீட்டுக்குள் வந்தால் தரை முழுக்கக் காகிதத் துண்டு, மின்விசிறிக் காற்றில் பசை நூல் பறந்துகொண்டிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கூட்ட ஆரம்பித்தேன். முடிக்க வெகுநேரம் ஆயிற்று.