தண்ணீர் இல்லாத ஆற்றில்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தீவில், டாலிகஞ்சில் என் பக்கத்து வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள், அதையேதான் சொல்வார்கள். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, அணையில் மதகு ஆபரேட்டராக இருக்கும் நான் பட்டப்பகலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போயிருந்த மழைக்காலத்தில், அணை நிரம்பியதும் எங்கள் இன்ஜினியர் சைரன் அடிக்காமலே மதகைத் திறக்க வைத்திருக்கிறார். கீழே ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த செல்வியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. சைரன் அடித்தது, அவள்தான் கவனிக்கவில்லை என்று விசாரணையில் சாதித்துவிட்டார். செல்வியின் புருஷன் ராசையா, சிலோன் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், விசாரணை முடிந்ததும் நேரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டாராம்.

அடுத்த கோடையில் ஆறு காய்ந்து வெறும் மணலாகக் கிடந்தபோது, மதகின் அடிப்பக்கத்தைப் பார்க்க இன்ஜினியர் உள்ளே இறங்கினார். நான் கரையில் நின்றேன். அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. திடீரென்று சைரன் அலறியது.

"அரே, கரண்டே இல்ல, எவன்யா சைரன் அடிக்கிறது?" என்று கத்தினார்.

"யாருமே இல்ல சாப்! ரூம் பந்த் பண்ணிப் பூட்டித்தான் இருக்கு!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் காலை ஏதோ வாரிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சொட்டுத் தண்ணீர் இல்லாத மணலில் மனிதர் உருண்டு உருண்டு போகிறார், கைகளை மேலே வீசுகிறார், மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், வெள்ளத்தில் போகிறவர் மாதிரியே. ஓடிப்போய்ப் பிடித்தேன், என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. சட்டை காய்ந்திருந்தது, வாயிலிருந்து மட்டும் செம்மண் தண்ணீர் கொட்டியது.

சத்தம் கேட்டு ராசையா வந்தார். "அண்ணே, ஒரு கை பிடிங்க!" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் குந்தி, வெறும் மணலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"விட்டுறாத புள்ள."

இன்ஜினியர் அங்கேயே அடங்கிப்போனார். மாரடைப்பு என்றார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

போன வாரம் பஸ்ஸில் ராசையாவைப் பார்த்தேன். தனியாகத்தான் ஏறினார், தனியாகத்தான் உட்கார்ந்தார். கண்டக்டர் புதிதாக வந்த பெங்காலி, இந்தக் கதையெதுவும் தெரியாதவர். ராசையாவையும் அவருக்குப் பக்கத்துக் காலி சீட்டையும் பார்த்துவிட்டு, இரண்டு விரலை நீட்டிக் கேட்டார்:

"தோ டிக்கெட்?"

ராசையா தலையாட்டினார்.