ஊறிய மரமுளை

எங்கள் உத்திரமேரூர்ப் பட்டறைக்குக் கரண்டு வந்த வருஷம், மரம் கடையும் லேத்துக்கு சக் வாங்கக் காஞ்சிபுரம் போனேன். ஒரு சாவியைத் திருப்பினால் தாடைகளெல்லாம் சேர்ந்து நகர்ந்து மரத்தைக் கவ்விக்கொள்ளும் ரகம். கடையில் இரண்டு இருந்தன. லேத் தண்டில் மாட்டும் பின்துளையின் அளவு மட்டும்தான் வேறு.

என் லேத் தண்டின் பருமனுக்கே ஒரு மரமுளை கடைந்து எடுத்துப் போயிருந்தேன். அது சின்னத் துளையில் நுழையவில்லை. பெரியதிலும் பாதியிலேயே இறுகிக்கொண்டது. காலையில் நானே அளந்தது! பெருநகர் கிராமத்துக் கல்யாணக் கட்டிலுக்குக் கால் கடைய வேண்டும். மறுபடி வந்துபோக நாளில்லை.

கடைக்கார பாய் முளையைத் தொட்டுப் பார்த்தார். "இன்னா நைனா, ஈரமா கீது?"

"பை பஸ்சு மேல இருந்திச்சி பாய். மழ."

"அதான் ஊறிப்போய் கீது. ஒண்ணுக்குத் துட்டு குடு, ரெண்டையும் எடுத்துக்கினு போ. உக்காராதத திருப்பிக் குடுத்துடு."

லேத் தண்டில் சின்னதுதான் கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டிலும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியதைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்: "என் பேரு, ஊரு எதுவுமே கேக்கலியே பாய்?"

"மழையில மரத்த நம்பிக்கினு வந்த ஆளு நீ. உனக்கு ஏமாத்த வேற தெரியுமா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அது நம்பிக்கையா, கேலியா? லேத் சுழலும்போதெல்லாம் யோசிக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.