கடைசி வரிசையில் செல்வி

எழுபத்தெட்டில் நான் திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். செல்வி என்ற பெண்ணுக்கு எப்போதும் காதில் சீழ் வடியும். நாற்றம் தாங்காமல் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றதுதான டீச்சர், வளந்தா தானா நின்னுடும்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி வரிசைக்குப் போனபின், நான் எதைக் கேட்டாலும் அவள் பதில் சொல்லவில்லை. திமிர் என்று முடிவு கட்டினேன். "என்னாடி முழிக்கிற, நீட்டு கைய" என்று தினமும் ஸ்கேலால் அடித்தேன். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் ஒரு நாளும் அவர்களை அதட்டியதில்லை.

வருஷக் கடைசியில் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஒரு டாக்டர் வந்தார். செல்வியின் காதில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஜவ்வு போயிடுச்சும்மா. ஆரம்பத்துலயே மருந்து போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. ரொம்ப நாளாவே இதுக்குக் காது கேக்கல. நீங்க கவனிக்கலயா?"

நாற்றத்தைக் கவனித்திருந்தேன்.

மறுநாள் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். குனிந்து, அவள் முகத்துக்கு நேராக, "சாப்டியாம்மா?" என்று கேட்டேன். என் வாய் அசைவதைப் பார்த்தாள். எழுந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினாள்.

அந்த வருஷம் முழுக்க நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.