ஓடுதளத்தில் ராகிக் களம்

யுத்த காலத்தில், நஞ்சன்கூடு சாலையை ஒட்டி அவசரத்துக்குச் சின்ன விமானம் இறங்க ஓர் ஓடுதளம் வேண்டுமென்றார்கள். வரைபடம் போட்டவன் நான். சாலைப் புளியமரங்களை இறக்கை தொடாதபடி தள்ளிப் போட்டதில், ஹனூரிலிருந்து வந்து குடியேறிய ஒரு தமிழ்க் குடியானவனின் களம் உள்ளே போய்விட்டது.

அறுவடை முடிந்ததும் அவன் வந்து நின்றான். "கதிரெ எங்கீங்க சாமி அடிக்கறது?"

"இந்தத் தளத்திலேயே அடிச்சுக்கோ. வியாழக்கிழமைதான் சோதனை விமானம் வருது, அதுக்குள்ள முடிச்சிடு" என்றேன். யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையே விமானம் வந்துவிட்டது. இயந்திரம் விட்டுவிட்டு இருமியது; இன்னொரு சுற்று சுற்ற வழியில்லை, இறங்கியே ஆக வேண்டும். கீழே தளத்தின் நட்டநடுவில் ராகிக் குவியல், பக்கத்தில் கதிரடிக்கிற உருளைக் கல், இரண்டு மாடுகள். மேலே இருப்பவன் செத்தால் அது என் வாயால்தான்.

ஓடினேன். அப்போதுதான் குவியலுக்குப் பூசை போட்டு அளக்க ஆரம்பித்திருந்தார்கள். அளந்து முடிகிறவரை களத்தில் யாரும் பேசக் கூடாது. நான் கத்தக் கத்த, குடியானவன் உதட்டில் விரலை வைத்து என் பூட்ஸைக் காட்டினான். கழற்றிவிட்டு வர வேண்டுமாம்!

பூட்ஸ் காலோடு குவியலில் ஏறி உதைத்தேன். அவன் மனைவி வாயில் அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் மாடுகளை அவிழ்த்து விரட்டினான். அளக்க வந்தவர்களும் நானுமாக நாலைந்து பேர் கல்லை உருட்டித் தள்ளினோம். அவள் ராகியை முறத்தால் ஓரத்துக்கு வாரி இறைத்தாள். பாதிகூட ஒதுங்கவில்லை, சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. மிச்ச ராகி புழுதியோடு பறந்தது.

விமானி இறங்கி வந்தான். காயமில்லை.

காரில் வந்த என் மேலதிகாரியும் தமிழர்தான். "யாருய்யா இங்கே களம் போடச் சொன்னது?" என்றார். நான் குனிந்து பூட்ஸில் ஒட்டிய ராகியைத் தட்டினேன்.

குடியானவன் என்னைப் பார்த்தான். "ஆரும் சொல்லலீங்க சாமி. நாங்களாத்தான் போட்டோமுங்க."

நான் மறுக்கவில்லை. அவன் மனைவி சரளை மண்ணில் உட்கார்ந்து ராகியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துச் சோறு அது.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன்: 'கிராமத்தார் அனுமதியின்றி நுழைந்தார்கள்.' எழுதும்போது கை நடுங்கவேயில்லை. அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.