நான் மிச்சம் பிடித்த இதயம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, போர்ட் பிளேர் ஷாதிபூரில் நடந்தது இது. என் கணவர் மீன்பிடி டிங்கிப் படகுகளின் இன்ஜினைப் பழுது பார்ப்பவர். ஒரு நாள் காலை வேலையில் இருந்தவர், ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் படகுத்துறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். பக்கத்தில் இருந்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். ஆனால் இதயத் தசை சுருங்கும் பலம் குறைந்துவிட்டது என்றார்கள். மாத்திரை கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நடக்கச் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் தாமதமானால் எங்களுக்கு சிலிண்டர் வராது. இருக்கிற கேஸை மிச்சம் பிடித்து நாளை ஓட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதயத்தையும் அப்படித்தான் நினைத்தேன். பாதி காலியானதைப் பார்த்துச் செலவழித்தால் நீண்ட நாள் வரும் என்று நானே முடிவு கட்டினேன்.

அப்புறம் வீட்டில் என் ராஜ்ஜியம்தான். குளிக்கத் தண்ணீர் மொண்டு வைப்பதுகூட நான். டூல்பாக்ஸைப் பரணில் ஏற்றிவிட்டேன். பார்க்க வரும் நண்பர்களை ஐந்து நிமிஷத்தில் கிளப்பிவிடுவேன். அவர் வாசற்படி இறங்கினால் கத்துவேன். முதலில் சண்டை போட்டவர் பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். சும்மா இருக்கிறாரே, அது போதும் என்று எனக்குத் திருப்தி.

மூன்று மாதம் கழித்து செக்கப். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. ஆனாலும் பிரஷர் எகிறியிருந்தது, இதயமும் தேறவில்லை. நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று பெங்காலி டாக்டரம்மா ஹிந்தியில் கேட்டார்.

“குச் நஹீ, மேடம்!” ஒன்றுமே செய்வதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே தெரிகிற வேலையை வைத்து இதயத்தின் செலவைச் சொல்லிவிட முடியாதாம். ஒவ்வொரு துடிப்பிலும் தசை முதலில் வால்வு என்கிற மூடிய கதவை எதிர்த்து இறுகுமாம். அந்த நொடியில் ஒரு சொட்டு ரத்தமும் வெளியே போகாது. ஆனால் அழுத்தத்தை உண்டாக்குவதிலேயே சக்தி நிறையச் செலவாகிவிடும். மனசுக்குள் புழுங்கினாலும் பிரஷர் ஏறும்; ஏறினால், சும்மா உட்கார்ந்திருப்பவரின் இதயமும் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். நடந்து பழகிய உடம்போ, அதே வேலைக்கு இதயத்தை அவ்வளவு வாட்டாது.

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து டாக்டரிடம் ஹிந்தியில் என்னவோ சொன்னார். “சஹீ பாத்!” சரியாகச் சொன்னீர்கள் என்று டாக்டர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார் என் கணவர்.

“டிங்கிய ஜெட்டில கட்டிப் போட்டுட்டு த்ராட்டில் குடுத்தா எப்படி இருக்கும்? ஒரு அடி நகராது, டீசல் மட்டும் காலியாகும். அந்தக் கயிறு நீதாண்டி.”

பேச்சை நிறுத்திய பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அது. அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் செருப்பு மாட்டியபோது என் கை தானாக நீண்டது. விலக்கிவிட்டு நடந்தார். தெருமுனை வரைதான், நானும் பின்னாலேயே போனேன். எங்கள் ஊரில் சமதளம் ஏது? அந்தச் சின்ன ஏற்றத்தில் அவர் ஒருமுறை நின்றபோது ஆட்டோவைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, “நான் நல்லாத்தான் இருக்கேன். உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?” என்றார். நடுத்தெருவில் இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த எக்கோ ஸ்கேனில் இதயம் சுருங்குவது முன்னைவிடத் தேறியிருந்தது. முழுசாக இல்லைதான், ஆனாலும் இப்போது அரை நாள் வேலைக்குப் போய் வருகிறார். கனமான இன்ஜினை மற்றவர்கள் தூக்கிக் கொடுக்கிறார்கள்.

அவர் கிளம்பும்போது இன்றும் எனக்குப் பயம்தான். ஆனால் அது என்னுடைய பயம், அதை நான்தான் சுமக்க வேண்டும், அவர் நெஞ்சின் மேல் இறக்கி வைக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறேன்.