மானியத்துக்காகப் போட்ட டீ

கெட்டுப்போன நிலங்களைச் சுத்தம் செய்ய அரசாங்கம் மானியம் தரப்போகிறது என்ற சேதி, தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர்ப் பக்கம் பரவியது. எங்கள் வீட்டில் அதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டது அப்பா. முதலில் துடைப்பத்தை எடுத்தது அம்மா.

எங்கள் நிலம், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு ஓடும் கால்வாயை ஒட்டி இருந்தது. மழை விட்டு வெயில் அடித்தால் போதும், மண் மேல் வெள்ளையாக உப்பு பூத்துவிடும். தென்னை என்னமோ காய்க்கத்தான் செய்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. கிணற்றில் எந்நேரமும் நுரை மிதக்கும். நானோ ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா காலையில் தோல்காரர்களை வாயார வைவார், மத்தியானம் தோல் தந்த சம்பளத்தில் வாங்கிய அரிசியைச் சாப்பிடுவார். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும் என்றாலும் இந்த விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

பக்கத்து டேனரி முதலாளி அந்த நிலத்தை ரொம்ப நாளாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். தோல் காயப்போட இடம் வேண்டுமாம். மானியம் வந்தால் ஜிப்சம் போட்டு, உப்பைக் கழுவிவிட்டு மறுபடி நெல் வைக்கலாம், வராவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மண் பார்க்க ஆபீசர் வருகிற தேதி தெரிந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், எங்கள் நிலம் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. அம்மா மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு உப்பையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டாள். அதன் மேல் டிராக்டரில் ஏரி வண்டல் கொண்டுவந்து பரப்பியாகிவிட்டது. கிணற்று நுரையை வழித்து, படிகாரமும் கரைத்து விட்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்று கத்தினேன்.

"ஆபீசர் வர்றாரு இல்ல? நாறிக் கெடக்கிற நெலத்தையா காட்டுவாங்க?"

"நாறிக் கெடக்கிறதைப் பாக்கத்தாம்மா அவரு வர்றாரே!"

"டாக்டர் பாக்கப் போறாருன்னு குளிக்காம போவியாடி நீ?"

அப்பா பக்கம் திரும்பினேன். "நானும் சொன்னேன், கேட்டாளா?" என்றார் அப்பா, முழங்கால் வரை வண்டலோடு. டிராக்டர் பிடித்து வந்ததே அவர்தான்.

மறுநாள் காலையில் ஜீப்பில் வந்து இறங்கிய ஆபீசர் தங்கமான மனிதர். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். "மண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குதேய்யா. தண்ணியும் தெளிவா இருக்குது. நெஜமா பாதிச்ச நெலத்துக்கே மானியம் பத்தல" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான்தான், "சார், இது நேத்து போட்ட மண்ணு. தோண்டிப் பாருங்க" என்றேன்.

ஆபீசர் சிரித்தார். "பக்கத்து ஊர்ல ஒருத்தரு மளிகைக் கடை உப்பை வாங்கி நெலத்துல கொட்டி வெச்சிருந்தாரும்மா. மானியம்னா எல்லாரும் ஒரு கதை சொல்றாங்க. எனக்கு இன்னும் மூணு ஊரு பாக்கணும்."

அப்போதும் அம்மா, "டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றாள். அப்பா மண்வெட்டியைத் தேடி ஓடினார். நான் அம்மா பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன்.

அங்கே இரண்டு குடங்கள் உண்டு. ஒன்றில் எங்களுக்கான கிணற்றுத் தண்ணீர். அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும் என்பதால் நாங்கள் வெறும் கடுங்காப்பிதான் குடிப்போம். தட்டுப் போட்டு மூடிய இன்னொரு குடத்தில், தொலைவிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்த நல்ல தண்ணீர். அது வருகிறவர்களுக்கு. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். ஆகவே எங்கள் தண்ணீரைப் பற்றி விசாரிக்க வந்த எந்த அதிகாரியும் எங்கள் தண்ணீரைக் குடித்ததே கிடையாது.

"கிணத்துத் தண்ணில போடும்மா" என்றேன்.

எலி மருந்தைக் கலக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள். "வந்தவருக்கா?"

வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. "மானியம் இல்லேன்னா வித்துடணும் சார். எங்கப்பா கிணறு வெட்டின நெலம் சார்." அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நாங்கள் கேட்டதில்லை. நல்ல தண்ணீர்க் குடத்தின் மேல் இருந்த அம்மாவின் கை, மெதுவாக மற்றக் குடத்துக்குப் போனது.

பால் திரிந்தது. அம்மா வடிகட்டவில்லை. வீட்டிலேயே நல்ல டம்ளராகப் பார்த்து ஊற்றி, தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

ஆபீசர் ஒரு வாய் குடித்தார். கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்தார். அவரையும் நல்ல தாய் வளர்த்திருக்க வேண்டும், மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "டீ நல்லா இருக்குதும்மா" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாவோ வெடித்துவிட்டாள்.

"நல்லா இல்ல சார்! பாலு திரிஞ்சு மெதக்குது, கண்ணு தெரியலையா? எங்க தண்ணி எத்தினியோ வருசமா இப்படித்தான். நல்லா இல்லேன்னு எழுதுங்க!"

தன் டீயை யாராவது குறை சொன்னால் மாசக்கணக்கில் பேசாமல் இருக்கிறவள் அவள். ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். மண்வெட்டியை அவரே அப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் நிலத்தில் இறக்கினார். வண்டலுக்கு அடியில் வெள்ளை வெளேர் என்று உப்பு மண் வந்தது. அதைப் பையில் கட்டிக்கொண்டார்.

மானியம் வந்தது, நிலத்தை விற்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஜீப் போனதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மானியம் கிடைத்துவிடும் என்று அப்பா தேற்றிப் பார்த்தார்.

"மானியம் கெடக்குது. வந்த மனுசனுக்கு அந்தத் தண்ணியைக் குடுத்துட்டனே" என்றாள்.

அந்தத் தண்ணீரைத்தான் அவள் எங்களுக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாங்களும் குடித்துக்கொண்டிருந்தோம். அதற்காக எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அழுததில்லை.