டெய்லர் அக்கா அளந்த நண்டுகள்

படகுத்துறையில் நண்டுகளுக்கு அளவெடுக்க ஆள் வேண்டும் என்று மீன்வள அலுவலகம் கேட்டபோது, இருபது வருடம் சட்டைக்கும் கவுனுக்கும் அளவெடுத்து அலுத்துப்போன டெய்லர் அக்கா முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"நண்டு பிடிக்கத் தெரியுமாம்மா?" என்றார் அதிகாரி.

"அடம்பிடிக்கிற பிள்ளைங்களையே நிக்கவெச்சு அளவெடுத்தவ சார் நான். இது எம்மாத்திரம்?"

முதல் நாளே ஒரு நண்டு அவள் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. துறையே சிரித்தது; வலியோடு அவளும் சிரித்தாள். ஒரே வாரத்தில் பின்பக்கமாகப் பிடிக்கும் பக்குவம் கைக்கு வந்துவிட்டது. ஓட்டின் அகலம், எடை, ஆணா பெண்ணா என்று மளமளவென்று எழுதித் தள்ளினாள்.

முகம் கொடுக்காத ஆள் ஒருவர்தான். படகுக்காரர். உம்மணாமூஞ்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். "என் நண்டை அளந்து என்னத்தக் கிழிக்கப்போற?" என்று கூடையை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

நண்டு எத்தனை நாளில் எவ்வளவு வளர்கிறது என்று அலுவலகத்துக்குத் தெரியவேண்டியிருந்தது. சின்ன நண்டுகளின் ஓட்டில் பெயிண்டால் எண் எழுதிக் கடலில் விட்டார்கள். இரண்டு மாதத்தில் திரும்ப வலையில் விழுந்தவை ஐந்தே ஐந்து. ஐந்தும் விட்டபோது இருந்த அதே அளவு!

உம்மணாமூஞ்சிக்கு வாயெல்லாம் பல். "நம்பரப் பாத்து பயந்துபோய் வளர்றதையே நிறுத்திடுச்சு போல!"

அதிகாரி அதுவரை குளத்து மீனோடு பழகியவர்; நண்டு அவருக்குப் புதிது. வேறு பெயிண்ட் வாங்கலாம் என்றார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எண் எழுதிய ஒரு நண்டை அலுவலகப் பின்னறையில், கடல்நீர் நிரப்பிய தொட்டியில் வளர்த்தாள்.

பதினெட்டாம் நாள் காலை, எண்ணோடு அது அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதென்று நினைத்தாள். எடுத்தால் காகிதம் போல லேசு. உள்ளே ஒன்றுமே இல்லை. தொட்டிக்குள் போட்டிருந்த செங்கல்லுக்குப் பின்னால் பார்த்தால், பெரிதாக, மெத்தென்று, புத்தம்புது நண்டு பதுங்கியிருந்தது.

"அடி கள்ளி! சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டியா?"

பழைய ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், மேலோடும் கீழோடும் சேருமிடத்தில் மட்டும் தையல் பிரித்தாற்போல் திறந்திருந்தது. ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னாள்: "மேல எழுதினா சட்டையோட போயிடும் சார். வளர்ந்ததெல்லாம் நம்பரக் கழட்டிப் போட்டுடுச்சு, வளராத அஞ்சுதான் நம்பரோட சிக்கியிருக்கு. இந்த இடுக்குல, உள்சதையில நூல் கோத்து நம்பர் கட்டினா நிக்கும்."

தன் ஊசியாலேயே கோத்துத் தொட்டி நண்டில் பார்த்தாள். அடுத்த முறை ஓடு கழன்றபோதும் நூல் அப்படியே இருந்தது. அதன்பின் இருநூறு நண்டுகளுக்குக் கோத்துக் கடலில் விட்டார்கள்.

நாற்பதாம் நாள், இரண்டு கையிலும் ஒரு நண்டை ஏந்திக்கொண்டு உம்மணாமூஞ்சியே வந்தார்.

"அக்கா, இதுல உங்க நூலு தொங்குது. பாருங்க."

ஐம்பத்தேழாம் எண். அக்கா அளந்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். விட்டபோது தொண்ணூற்றாறு மில்லிமீட்டர், எழுபத்தைந்து கிராம். இப்போது நூற்றுப் பதினெட்டு. எடை நூற்று நாற்பது.

"நாப்பது நாளுல கிட்டத்தட்ட ரெட்டிப்பு எடையா?" அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருசமா பொடிசையெல்லாம் வாரிக்கிட்டு வந்தேனே, என்னைச் சொல்லணும். இனி சின்னதெல்லாம் வலையிலேருந்தே திரும்பப் போயிடும்க்கா."

"இத என்ன பண்ணப்போறீங்க?"

"விக்க மனசு வரல. திரும்ப விடுவோம். இன்னும் எவ்ளோ பெருசாவுதுன்னு பாத்துடணும்."

இருவரும் துறையின் விளிம்புக்குப் போனார்கள். நண்டு பக்கவாட்டில் நீந்திப் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கியது. அது மறையும்வரை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா நோட்டில் அன்றைய தேதியை எழுதினாள்.